நாய் கடித்துவிட்டது, கேஸ் போடலாமா? அவசரம்

செந்தில்78 (சனி, இரவு 9.40)
எல்லோருக்கும் வணக்கம். வியாழக்கிழமை காலையில் அம்மாவை நாய் கடித்துவிட்டது. ஊசியெல்லாம் போட்டாச்சு. அவர்கள் ஒரு வார்த்தை மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, "நீங்க பயந்து காலை உதறினீங்க, அதான் கடிச்சுது" என்று அம்மா மேலேயே பழியைப் போடுகிறார்கள். கேஸ் போட்டால் நிற்குமா? நஷ்ட ஈடு எவ்வளவு கேட்கலாம்? வக்கீல் வைக்க வசதி இல்லை. ஊர் சென்னை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பாலா_கோவை
தெரு நாயா, வீட்டு நாயா? "அவர்கள்" என்றால் யார்? பக்கத்து வீடா, தெருவில் சோறு வைப்பவர்களா? அதைச் சொல்லாமல் கேஸ் நிற்குமா என்றால் நாங்கள் என்ன சொல்வது தம்பி.

ஆர்டிஐ ராஜா
பாஸ், கவலையே படாதீங்க. பல் தடத்தை எண்ணுங்கள். ஒரு பல்லுக்கு 10,000 ரூபாய் என்று ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கிறது, 2023இல் வந்தது. சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்கு 20,000. ஸ்கேல் வைத்து போட்டோ எடுங்கள். நான்கு பல் என்றாலே 40,000 உறுதி.

மேரி சிஸ்டர்
கேஸ் இருக்கட்டும். ஊசியெல்லாம் என்றால் எந்த ஊசி? சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ரத்தம் வந்ததா, வெறும் கீறலா? கடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா?

மயிலை_ரவி
கன்ஸ்யூமர் கோர்ட்டில் போடுங்கள், அங்கே வக்கீலே வேண்டாம், சீக்கிரம் முடியும்.

குமாஸ்தா_கந்தசாமி
கன்ஸ்யூமர் கோர்ட்டாம். அந்த நாய்க்காரர் உங்களுக்கு என்ன பொருள் விற்றார், என்ன சேவை செய்தார், குறையைச் சொல்லி அங்கே போக? முப்பது வருடம் கோர்ட் வராந்தாவில் கட்டு தூக்கியவன் சொல்கிறேன், தெரியாவிட்டால் சும்மா இருப்பதும் ஒரு உதவிதான். ராஜா, நீர் சொல்லும் தீர்ப்பு பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத்துடையது. தெருவில் திரியும் மாடு, நாயால் அடிபட்டவர்களுக்கு அந்த அரசுகள் கொடுக்க வேண்டிய தொகை அது. இங்கே இருக்கிற வீட்டு நாய்க்காரரிடம் போய் ஸ்கேலை நீட்டினால் சிரிப்பார். செந்தில், நீங்கள் போட்டிருப்பது கேள்வியே இல்லை. தேதி, இடம், நாய் யாருடையது, கயிறு இருந்ததா, யார் பார்த்தார்கள், இவ்வளவும் எழுதுங்கள். பிறகு பேசலாம்.

செந்தில்78
மன்னிக்கவும், பதட்டத்தில் எழுதிவிட்டேன். எங்கள் பிளாட்டில் இரண்டாவது மாடி வாடகைக்காரர் வளர்க்கும் லாப்ரடார். காலை ஆறு மணிக்கு அம்மா கீழே வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். படியில் இருந்து நாய் தனியாக இறங்கி வந்தது, கயிறு கழுத்தில் தொங்கியது, பிடித்தவர் யாரும் இல்லை. பின்பக்கமாக வந்து கெண்டைக்காலில் கவ்வியது. இரண்டு பல் ஆழமாக இறங்கி ரத்தம் வந்தது, பக்கத்தில் ஒரு நீளக் கீறல். பால் போடுகிற பையன் பார்த்தான். சோப்புப் போடவில்லை, அம்மா உடனே காபித்தூளை அப்பிவிட்டார். பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டார்கள், சீட்டில் டிடி என்று இருக்கிறது. வீட்டு நாய்தானே, போதும் என்றார்கள்.

மேரி சிஸ்டர்
செந்தில், மற்றதெல்லாம் அப்புறம். டிடி என்பது டெட்டனஸ் ஊசி. வெறிநாய்க்கடி ஊசி இன்னும் போடவே இல்லை என்று அர்த்தம். தோல் கிழிந்து ரத்தம் வந்துவிட்டால் அது மூன்றாம் வகைக் கடி, இருப்பதிலேயே ஆபத்தானது. தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்துக்குள்ளேயே போட வேண்டும். மூன்று நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், இப்போதும் போடலாம். ஞாயிற்றுக்கிழமையும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஆள் இருப்பார்கள், பணம் கேட்க மாட்டார்கள். கிளம்புவதற்கு முன் காபித்தூளைக் கழுவி எடுங்கள், குழாயைத் திறந்து சோப்போடு முழுசாகப் பதினைந்து நிமிடம். தையல் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கு வெறி வருகிறதா என்று பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பத்து நாள் பார்ப்பது ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம்.

குமாஸ்தா_கந்தசாமி
சிஸ்டர் சொன்னபடி போங்கள். கேஸுக்கும் அதுதான் முதல் படி. அங்கே போனதும் நாய்க்கடி, இன்ன இடத்தில், இன்னாருடைய வளர்ப்பு நாய் என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், நகல் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் வருகிற ஆட்களால்தான் எனக்குத் தலைவலி. கிளினிக் சீட்டு, மருந்து பில், காயத்தின் போட்டோ தினமும் ஒன்று, கிழிந்த புடவையைத் துவைக்காமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

தெருநாய்_தோழி
ஒரு நாய் சும்மா கடிக்காது. அம்மா முன்பே அதை விரட்டினார்களா, கல் எறிந்தார்களா என்று பார்க்க வேண்டும். லாப்ரடார் ரொம்பச் சாதுவான ஜாதி. அதைக் காலையில் சரியாக வெளியே கூட்டிப்போகாமல் வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும், பாவம்.

பாலா_கோவை
அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார், கையில் இருந்தது கோலமாவு. இதற்கும் அம்மாதான் காரணமா?

மயிலை_ரவி
அசோசியேஷனில் தீர்மானம் போட்டு நாயையே கட்டடத்தைவிட்டு வெளியேற்றுங்கள். எங்கள் பிளாட்டில் அப்படித்தான், வாய்மூடி இல்லாமல் எந்த நாயும் லிப்டில் ஏறக் கூடாது, நாய் வைத்திருப்பவருக்கு வாடகைக்கே விடுவதில்லை.

தெருநாய்_தோழி
அது சட்ட விரோதம் ரவி. வளர்ப்பு நாயைக் கூடாது என்று எந்த அசோசியேஷனும் தீர்மானம் போட முடியாது, வாய்மூடி போட்டே ஆக வேண்டும் என்றும் வற்புறுத்த முடியாது என்று விலங்குகள் நல வாரியம் எப்போதோ சுற்றறிக்கை அனுப்பிவிட்டது.

மயிலை_ரவி
சுற்றறிக்கை கடிக்குமா? உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்டில் தெருநாய்களைத் தூக்கச் சொன்னது.

தெருநாய்_தோழி
11ஆம் தேதி டெல்லிக்காகச் சொன்னதை 22ஆம் தேதியே மூன்று நீதிபதிகள் மாற்றினார்கள். கருத்தடை, தடுப்பூசி செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறி பிடித்ததும் மூர்க்கமானதும் மட்டும்தான் காப்பகத்துக்கு. பாதியைப் படித்துவிட்டு வராதீர்கள்.

மயிலை_ரவி
நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டில் இருந்து எடுக்கச் சொன்னதை நீங்கள் படிக்கவில்லையா? நாளைக்கு உங்கள் அம்மாவைக் கடித்தால் தெரியும். எங்கள் தெருவில் ஒருவர் பேசாமல் பிஸ்கட்டில் மருந்து வைத்தார், பிரச்சினை தீர்ந்தது.

குமாஸ்தா_கந்தசாமி
மருந்து வைத்தவர் பெயரை இங்கே எழுதாமல் விட்டீரே, அந்த மட்டும் புத்தி இருக்கிறது. ஐபிசிக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 325, விலங்கைக் கொன்றால் ஐந்து ஆண்டு வரை உள்ளே. இவர் கேட்டது மாடி வீட்டு லாப்ரடார் விஷயம். தெருநாய்ப் பட்டிமன்றத்தை இருவரும் வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செந்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பழைய ஐபிசி 289 இப்போது நியாய சன்ஹிதாவில் 291. தன்னிடம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரலாம் என்ற நிலையில், தெரிந்தோ அலட்சியமாகவோ போதிய பாதுகாப்பு செய்யாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதம் 1,000தான், 2024 ஜூலை முதல் தேதியில் இருந்து இது. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம், ஜாமீன் கிடைக்கும். கூடவே 125 உட்பிரிவு அ சேர்க்கலாம், அலட்சியத்தால் காயம். ஸ்டேஷனில் முதலில் சிஎஸ்ஆர் என்று புகாரைப் பெற்றதற்கான ரசீது கொடுப்பார்கள், வாங்காமல் படி இறங்காதீர்கள். எழுதிக்கொள்ளவே மாட்டேன் என்றால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

ஆனால் ஒன்று. அந்த அபராதம் பொதுவாகக் கவர்ன்மென்டுக்குப் போகும், உங்கள் அம்மாவுக்கு வரும் என்று நம்பி இருக்க முடியாது. பணம் வேண்டுமென்றால் அது சிவில். அங்கே கேள்வி, இந்த நாய் கடிக்கும் சுபாவம் உள்ளது என்று வளர்ப்பவருக்கு முன்பே தெரியுமா என்பதுதான். இதற்கு முன் யாரையாவது துரத்தியதா?

ஆர்டிஐ ராஜா
சார், பல் தடத்தை நம்ம ஹைகோர்ட்டிலும் காட்டலாம்தானே, முன்னுதாரணம் என்று?

குமாஸ்தா_கந்தசாமி
காட்டலாம். என் ஜாதகத்தையும் காட்டலாம்.

செந்தில்78 (ஞாயிறு, மாலை 5.15)
போய்விட்டு வந்தோம். இரண்டு கையிலும் சின்னதாக ஊசி, காயத்தைச் சுற்றி இன்னொன்று, அம்மா கத்திவிட்டார். அடுத்தது புதன். பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். துரத்தியதா என்று கேட்டீர்கள், போன தீபாவளிக்கு கொரியர் பையன் பேண்டைக் கிழித்தது. அப்போது வாட்ஸ்ஆப் குழுவில் நாய்க்காரரே "புருனோ கொஞ்சம் முரடு, வருவதற்கு முன் போன் பண்ணுங்கள்" என்று எழுதினார். இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், வியாழக்கிழமையே அம்மா நம்பருக்கு 2,000 ஜிபே பண்ணிவிட்டார்கள். இன்று அசோசியேஷன் செயலாளர் ஒரு தாள் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார், பணம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று. போடலாமா?

பாலா_கோவை
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் தம்பி!!

குமாஸ்தா_கந்தசாமி
போடாதீர்கள். பேனாவையே எடுக்காதீர்கள். செயலாளருக்குக் காபி கொடுத்து அனுப்புங்கள். 2,000 வாங்கியதால் உங்கள் உரிமை போய்விடாது. கேட்காமலே மருத்துவச் செலவுக்கு அனுப்பினார்கள் என்றால் யாருடைய நாய் என்ற சண்டையே இல்லை பாருங்கள். அந்த வாட்ஸ்ஆப் வரியைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு பேர் போனில் வையுங்கள், அழித்துவிடுவார்கள். முரடு என்று தன் கையால் எழுதிவிட்டு கயிற்றை விட்டாரே, அதுதான் உங்கள் கேஸ். கொரியர் பையனைத் தேடிப் பிடியுங்கள்.

ஆர்டிஐ ராஜா
சென்னை மாநகராட்சியில் நாய்க்கு லைசென்ஸ், சிப் எல்லாம் கட்டாயம். இல்லை என்றால் 5,000 அபராதம். ஆர்டிஐ போட்டு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், அவர் மாட்டினார். இது சரிதானே கந்தசாமி சார்?

குமாஸ்தா_கந்தசாமி
முதல் தடவையாக உருப்படியான யோசனை. செந்தில், எந்த மண்டலம், எந்த வார்டு?

செந்தில்78
கேளம்பாக்கம்.

குமாஸ்தா_கந்தசாமி
அது சென்னையா? செங்கல்பட்டு மாவட்டம், ஊராட்சி. மாநகராட்சி லைசென்ஸ் அங்கே செல்லாது. ஏன் ஐயா எல்லோரும் செங்கல்பட்டு வரைக்கும் சென்னை என்றே எழுதுகிறீர்கள்? ராஜா, விடுங்கள்.

வக்கீல் வசதி பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, மனு அம்மா பெயரில் இருக்கட்டும். செங்கல்பட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் பண்ணுங்கள். வழக்குக்கு முன்பே சமரசம் என்று அவர்கள் இரண்டு பக்கத்தையும் கூப்பிடுவார்கள், கோர்ட் கட்டணம் கிடையாது. நேராக சிவில் வழக்கு என்றால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று ரூபாய் கட்ட வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். மக்கள் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டு கையெழுத்தானால் அது தீர்ப்பு மாதிரிதான், மேல்முறையீடு இல்லை. அம்மா சம்பாதிக்கிறார்களா?

செந்தில்78
வீட்டில் கிரைண்டர் வைத்து இட்லி மாவு விற்கிறார். ஐந்து நாளாக நிற்க முடியாமல் ஆட்டவில்லை.

குமாஸ்தா_கந்தசாமி
பின்னே அதைச் சொல்ல வேண்டாமா! வழக்கமாக வாங்கும் வீடுகளின் கணக்கு நோட்டு இருக்குமே, ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் என்று. அதை எடுத்து வையுங்கள். மருந்து, ஆட்டோ, மாவு நஷ்டம், வலிக்கு ஒரு தொகை, இப்படிப் பிரித்துக் கேட்டால் கொடுப்பார்கள். மொத்தமாக லட்சம் என்றால் கதவைச் சாத்துவார்கள்.

தெருநாய்_தோழி
நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள், அதன் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். நான் நாய்க்காகப் பேசுகிறவள்தான், ஆனால் கயிற்றைப் பிடிக்காமல் விட்டது அந்த மனிதரின் தப்பு. அம்மா நலமாகட்டும்.

மயிலை_ரவி
அப்பாடா.

செந்தில்78 (பதினொரு நாள் கழித்து)
சிஎஸ்ஆர் போட்டதும் மாடிக்காரரே வந்து பேசினார். நாய் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் புத்தகத்தில் கடைசி ஊசி இரண்டு வருடத்துக்கு முன்னால். 18,000 தருவதாக ஒத்துக்கொண்டார், பாதி கொடுத்துவிட்டார். அம்மா நேற்றிலிருந்து மாவு ஆட்ட ஆரம்பித்துவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

குமாஸ்தா_கந்தசாமி
மீதிப் பாதியை எழுத்தில் வாங்கினீர்களா? தேதி போட்டு?

மேரி சிஸ்டர்
சந்தோஷம் செந்தில். புதனும் அடுத்த ஞாயிறும் போட்டாச்சுதானே? கடைசி ஊசி இருபத்தெட்டாம் நாள். காயம் ஆறிவிட்டது என்று நிறைய பேர் அதை விட்டுவிடுவார்கள்.

பாலா_கோவை
செந்தில்?

மேரி சிஸ்டர் (இரண்டு வாரம் கழித்து)
செந்தில், இந்த ஞாயிறுதான். அம்மாவைக் கூட்டிப்போங்கள்.