ஹீஷம் பாறைக் கல்லறைகள்: ஆறா, எட்டா?

அலைகடல்: "இங்கிலாந்தின் ஹீஷம் கடற்கரைக் குன்றில் உள்ள சிற்றாலயத்தைப் புனித பத்திரிசியாரே கட்டினார், பக்கத்தில் பாறையில் குடைந்த ஆறு கல்லறைகளும் அவருடைய சீடர்களுடையவை" என்று நேற்று இங்கே ஒருவர் அளந்துவிட்டிருக்கிறார். பத்திரிசியார் வாழ்ந்தது 5-ஆம் நூற்றாண்டு. இடிந்து நிற்கும் ஆலயமோ 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டு. கல்லறைகள் அதற்கும் பிந்தி, 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் என்கிறார்கள். அதெல்லாம் கிடக்கட்டும். கல்லறை ஆறு இல்லை ஐயா, எட்டு!

பொன்னி72: அந்த "ஒருவர்" நான்தான். ஐயா இல்லை, அம்மா. பத்திரிசியார் கப்பல் உடைந்து இந்தக் கரையில் ஒதுங்கினார் என்பது அந்த ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்வது. நேரில் போய்ப் பார்த்தவள் சொல்கிறேன்: ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருப்பது ஆறு.

அலைகடல்: வரிசையில் ஆறு, தள்ளி இன்னும் இரண்டு. கூட்டினால் எட்டு. நேரில் போனவருக்கு நாலடி தள்ளி நடக்க வலித்ததா?

வடக்குவாசி: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். 1977, 78-இல் அங்கே அகழாய்வு செய்தபோது ஏறக்குறைய 80 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஆண், பெண், குழந்தைகள் எல்லாம் உண்டு. சீடர் கதை அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆறும் எட்டும் எதற்கு?

அலைகடல்: அவை மண்ணில் புதைத்தவை. பாறையில் குடைந்தது எட்டு.

பொன்னி72: தலையும் தோளும் தெரிகிற மாதிரி ஆள் வடிவத்தில் வெட்டி, தலைமாட்டில் சிலுவை நட ஒரு குழியும் விட்டிருக்கிறார்கள். சாதாரண ஆளுக்கா இவ்வளவு மெனக்கெடுவார்கள்? மழைத் தண்ணீர் நிறைந்து கிடக்கும்போது பார்த்தால் தெரியும். ஆறையும் பார்த்தேன்.

சும்மா_ஒருத்தன்: ஒரு ராக் இசைத்தட்டின் அட்டையில் வந்த குழிகள்தானே இவை? அதில் எத்தனை தெரிகிறது?

பொன்னி72: ஆறு!

அலைகடல்: இசைத்தட்டு அட்டையெல்லாம் சான்றா? தொல்லியல் நன்றாக வளரும். இந்த அம்மா போன மாதம் தரங்கம்பாடிக் கோட்டை இழையிலும் இப்படித்தான் கேள்வி கேட்டவரிடமே சண்டைக்குப் போனார்.

பொன்னி72: அங்கே மூக்குடைபட்டது யார் என்று எல்லாருக்கும் தெரியும். இழையைத் தோண்டி எடுக்கட்டுமா?

வடக்குவாசி: கீழே புனித பேதுரு ஆலயத்துக்குள் இருக்கும் 10-ஆம் நூற்றாண்டு வைக்கிங் காலக் கல்லைப் பற்றி யாராவது பேசுங்களேன். பன்றி முதுகு மாதிரி வளைந்த கல், இரண்டு முனையிலும் மிருகம். இந்தக் குழிகளைவிட அதுதான் அபூர்வம்.

சும்மா_ஒருத்தன்: என்ன மிருகம்? கரடியா?

வடக்குவாசி: கரடி என்று நான் சொன்னேனா?

அலைகடல்: பேச்சை மாற்றாதீர்கள். எட்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டுக் கரடியிடம் போகலாம்.

பொன்னி72: பத்திரிசியாரைப் பற்றி ஆரம்பித்தீர்கள். இப்போது அவரையே காணோம், எட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். தனியாகக் கிடக்கும் இரண்டை அந்த வரிசையில் சேர்க்க முடியாது. ஆறு.

அலைகடல்: வரிசை என்று நான் எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள். எட்டு. படம் இருந்தால் போடுங்கள், நானே வட்டம் போட்டு எண்ணிக் காட்டுகிறேன்.

பொன்னி72: உங்களுக்கு நான் ஏன் படம் போட வேண்டும்?

சும்மா_ஒருத்தன்: அப்புறம் அந்த மிருகம் கரடியா இல்லையா?