வருஷ செக்கிங் வருது: பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் குழம்புது, ஹேண்டில்பார் நடுவுல சிக்குது, உதவி பண்ணுங்க

பழையவண்டி:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது கார்பரேட்டர் வச்ச பழைய பைக், முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், 12 வோல்ட் பேட்டரி. அடுத்த வாரம் வருஷாந்திர தகுதி சோதனைக்கு எடுத்துட்டுப் போகணும், ஒவ்வொண்ணா பாத்துட்டு வர்றப்போ ரெண்டு விஷயம் மட்டும் பிடிபடல. பின் பிரேக் மிதிச்சா பிரேக் லைட் எரியுது ஆனா மங்கலா, அப்போ இண்டிகேட்டர் போட்டிருந்தா டெயில் லைட்டும் கூடவே துடிக்குது, முன் லீவர் புடிச்சா பிரேக் லைட் வரவே இல்ல. இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற பிளாஷர் புதுசு போட்டாச்சு, அப்பவும் அப்படியேதான். அடுத்தது ஹேண்டில்பார், நேரா வச்சா ஒரு சின்ன பள்ளத்துல விழுந்த மாதிரி நிக்குது. நட்டை கொஞ்சம் டைட் வச்சா போதுமா?

எர்த்வயர்:
பிளாஷர் மேல தப்பு இல்ல ப்ரோ, பின்னாடி லைட்டுக்கு எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற வழி, போயிடுச்சு. டெயில் பல்புல ரெண்டு இழை இருக்கும், 5 வாட் ஒண்ணு 21 வாட் ஒண்ணு, ரெண்டுக்கும் எர்த் ஒண்ணுதான். அது துருப்பிடிச்சா கரண்டுக்கு நேர் வழி இல்ல, அதனால பக்கத்து இழை வழியாவும் இண்டிகேட்டர் பல்பு வழியாவும் சுத்திப் போகப் பாக்கும், அதான் ஒண்ணை போட்டா இன்னொண்ணும் துடிக்குது. ஒரு நீள வயர் எடுத்து பேட்டரி நெகட்டிவ்ல ஒரு முனை, டெயில் லைட் ஹோல்டர் உலோகத்துல இன்னொரு முனை வச்சுட்டு பிரேக் மிதிங்க. எல்லாம் பளிச்சுன்னு சரியாயிட்டா சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தா அதே ரெண்டு இடத்துக்கு நடுவுல பிரேக் மிதிச்சபடி அளந்து பாருங்க, கிட்டத்தட்ட பூஜ்யம் வரணும், அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் மோசம்.

முன் லீவருக்கு வேற கதை. லீவர் பக்கத்து ஸ்விட்ச்ல ரெண்டு வயர் வரும், கழட்டி ரெண்டையும் ஒண்ணா சேருங்க, லைட் எரிஞ்சா ஸ்விட்ச் போச்சு, எரியலன்னா வயர்ல தேடணும்.

ராத்திரிரைடர்:
பல்பையும் ஒரு தடவ கழட்டிப் பாத்துடுங்க. ரெண்டு இழை பல்புல பக்கவாட்டு ஊசி ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருக்கும், யாராவது பலவந்தமா திருப்பி மாட்டியிருந்தா டெயிலும் பிரேக்கும் இடம் மாறி எரியும். அப்புறம் இண்டிகேட்டருக்கு எல்இடி போட்டிருக்கீங்களா? போட்டிருந்தா பழைய பிளாஷர் வேகமா அடிக்கும், நிமிஷத்துக்கு 60லேந்து 120 தடவைக்குள்ள இருக்கணும்னு பல இடத்துல பாக்குறாங்க.

ஸ்பேனர்செட்:
தம்பி, நட்டை டைட் வைக்காதீங்க. அது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புற இடத்துல இருக்கற கிண்ணமும் பால்ஸும் சேர்ந்த பேரிங், தேஞ்சு போனதோட அடையாளம். வண்டி பெரும்பாலும் நேராத்தானே போகுது, குழியில விழற ஒவ்வொரு அடியும் பால்ஸை ஒரே இடத்துல இடிச்சு கிண்ணத்துல தடம் போட்டுடும், ஹேண்டில் அந்தத் தடத்துல விழுந்து நிக்கும். டைட் வச்சா ஆட்டம் மறையும், சிக்கல் கூடும், ஓட்டும்போது வண்டி ஆடிக்கிட்டே போகும். மேல கிண்ணம் கீழ கிண்ணம் பால்ஸ் எல்லாம் செட்டா மாத்துங்க, பழைய கிண்ணத்துல புது பால்ஸ் போட்டா திரும்பவும் அதே சிக்கல்தான்.

ஆனா அதுக்கு முன்னாடி, முன் சக்கரத்தை தரையிலேந்து தூக்கி நிறுத்திட்டு கேபிள் எதுவும் இழுக்காம மெதுவா திருப்பிப் பாருங்க, சில நேரம் கிளட்ச் கேபிளோ வயர் கட்டோ மாட்டிக்கிட்டு இதே மாதிரி காட்டும். இன்ஜின் ஓடறப்போ திருப்பினா ரேஸ் ஏறுதான்னும் பாருங்க. அப்படியே முன் சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க் காலோட அடியைப் புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, டக்குன்னு சத்தம் வந்தா கோன் செட்ல ஆட்டமும் இருக்கு.

பழையவண்டி:
அண்ணே, தூக்கிப் பாத்தேன், கேபிள் ஃப்ரீயாத்தான் இருக்கு, பள்ளம் அப்படியேதான். செட் சொல்லியாச்சு. வயர் வச்சுப் பாத்ததும் பிரேக் லைட் கண்ணைப் பறிக்குது! மட்காடு போல்ட் அடியில பெயிண்டும் துருவும், எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன், இண்டிகேட்டரும் ஒழுங்காயிடுச்சு. முன் ஸ்விட்ச்தான் போயிருக்கு, அதுவும் வருது. வேற எதைப் பாக்கணும்?

ஸ்பேனர்செட்:
ஃபோர்க் கால்ல எண்ணெய் கசிவு இருக்கா? சீல் மாத்துறதுக்கு முன்னாடி மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் துண்டை சீல் ஓரத்துல விட்டு சுத்தினா உள்ள மாட்டின மண்ணு வெளிய வந்து கசிவு நின்னுடறது உண்டு. செயின் தளர்ச்சி மேனுவல் சொல்ற அளவுல இருக்கணும், ஒரே இடத்துல பாக்காம சக்கரத்தை சுத்தி பல இடத்துல பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், பட்டன் (தரையில படற மேடு) தேயாம இருந்தாலும் வெடிப்பு விட்டிருந்தா மாத்துறதுதான் நல்லது. எவ்வளவு பட்டன் வேணும்னு சோதனை பண்றவங்க தர்ற தாள்லயே இருக்கும்.

எர்த்வயர்:
பிரேக் ஆயில் காபி நிறத்துக்கு வந்துடுச்சுன்னா மாத்திடுங்க ப்ரோ, அது காத்துலேந்தே தண்ணி குடிக்கும். டாட் 4ங்கிற வகை பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்போ குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, தண்ணி சேர்ந்தா அந்த அளவு 155க்கு இறங்கிடும். டாட் 5 மட்டும் சிலிக்கான், அதை டாட் 4 கூட கலக்கவே கூடாது.

ராத்திரிரைடர்:
ஹெட்லைட்டை விட்டுட்டீங்க. டயர் காத்து சரியா அடிச்சுட்டு, நீங்க வண்டி மேல உக்காந்து, 10 மீட்டர் தள்ளி இருக்கற சுவத்துல டிம் லைட் அடிங்க, வெளிச்சத்தோட மேல் விளிம்பு லைட்டோட நடு உயரத்தை விட சுமார் 10 செமீ கீழ விழணும். ஹை பீமை வச்சு அட்ஜஸ்ட் பண்ணாதீங்க. புகைக்கு, போற வழியிலேயே ஒரு கால் மணி நேரம் ஓட்டி இன்ஜினை சூடாக்கிட்டு போங்க. கறுப்பா வந்தா ஏர் ஃபில்டர் பாருங்க, நீலமா வந்தா எண்ணெய் எரியுது, அதை டியூனிங்ல மறைக்க முடியாது.

பழையவண்டி:
புகை நல்லாத்தான் இருக்கு, காலையில மட்டும் ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்சம் வெள்ளையா வருது?

ஸ்பேனர்செட்:
சூடானதும் நின்னுடுதுன்னா அது ஆவிதான் தம்பி, விடுங்க. கோன் செட் வந்ததும் போட்டுடுங்க, போட்டு ஒரு நாள் ஓட்டினதுக்கப்புறம் நட்டை ஒரு தடவ மறுபடி பாருங்க, புது கிண்ணம் உக்காந்தா கொஞ்சம் தளரும்.