ப்ரென்ட்ஃபோர்டிலும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 3-1 தோல்வி: மேனேஜர் அமோரிமின் 3-4-3இல் உங்களை இன்னும் உறுத்தும் அந்த ஒரு நொடி எது?

இரண்டாம்பந்து

நேத்து (2025 செப்டம்பர் 27) ஜிடெக் ஸ்டேடியத்துல மூணாவது கோலோ, புரூனோ விட்ட பெனால்டியோ இல்லை, எட்டாவது நிமிஷம்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. ப்ரென்ட்ஃபோர்டோட ஜோர்டன் ஹெண்டர்சன் பந்தைக் கால்ல வச்சு, தலையைத் தூக்கிப் பார்த்து, டிஃபன்ஸுக்குப் பின்னால நீளமா தூக்கிப் போடறார். நம்ம சென்டர் பேக் மக்வயர் ஆஃப்சைடு வாங்கலாம்னு முன்னால ஏறறார். அவங்க ஸ்ட்ரைக்கர் இகோர் தியாகோ ஆஃப்சைடுல இல்லை. அதுக்கப்புறம் அவருக்கும் நம்ம கீப்பர் பாயின்டிருக்கும் நடுவுல ஆளே கிடையாது.

பந்து வச்சிருக்கறவரை யாராவது ஓடிப்போய் நெருக்கினா (பிரஸ்) டிஃபன்ஸ் லைன் ஏறலாம். அவர் சும்மா நின்னு நிமிர்ந்து பார்க்கறார்னா மூணு சென்டர் பேக்கும் அந்த நொடியே உடம்பைத் திருப்பி அஞ்சு கஜமாவது பின்னால இறங்கணும். பள்ளிக்கூட டீமுக்கே சொல்லிக்கொடுக்கற விஷயம் இது. அதனால மக்வயரை மட்டும் திட்டறது எனக்கு ஒப்பாது. ஹெண்டர்சன் மேல ஏன் யாருமே இல்லைங்கறதுதான் கேள்வி. 3-4-3ல பின்னால மூணு பேர், ஓரத்துக்கு ரெண்டு பேர், முன்னால மூணு பேர், நடுவுல புரூனோவும் உகார்த்தேவும் மட்டும். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ஹெண்டர்சனை நோக்கி ஏறினா அவர் விட்ட இடம் காலி. ஏறலைன்னா இந்த மாதிரி பாஸ்.

ஒவ்வொருத்தரும் ஒரு நொடியை எழுதுங்க. 'போகணும்', 'இருக்கணும்'னு மட்டும் வேண்டாம். எந்த இடத்துல, யார், ஏன்னு சொல்லுங்க.

ஆறாம்நம்பர்

2024 டிசம்பர் 30, ஓல்ட் டிராஃபோர்டு, நியூகாசில். 33ஆவது நிமிடத்தில் ஸ்ட்ரைக்கர் ஸிர்க்ஸி வெளியே, நடுக்கள வீரர் மைனூ உள்ளே. மாற்றத்துக்குச் சொந்த ரசிகர்களே கைதட்டினார்கள், அந்தப் பையன் நேராகச் சுரங்கப் பாதைக்குள் நடந்துபோனான். எல்லோரும் அதை ஸிர்க்ஸியின் கதையாகவே பேசினோம். உண்மையில் அது நடுக்களத்தின் கதை.

புரூனோவும் உகார்த்தேவும் தடையில் இருந்தார்கள். நடுவில் காஸெமிரோவும் எரிக்சனும். இருவரும் 1992 பிப்ரவரியில் பிறந்தவர்கள். எதிரே டொனாலி, கிமராயிஸ், ஜோயலிண்டன் என்று மூன்று பேர். டொனாலி அடியில் நின்றுகொண்டு பந்தை வாங்குகிறார். அவரைப் பிடிக்க எரிக்சன் ஏறினால், கிமராயிஸும் ஜோயலிண்டனும் காஸெமிரோவின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறார்கள். காஸெமிரோ ஒருவர் எந்தப் பக்கம் போவார்? ஒரு சென்டர் பேக் வெளியே வந்து உதவினால் அவர்களின் ஸ்ட்ரைக்கர் ஈசாக் ஓட இடம் கிடைக்கிறது. வராவிட்டால் பந்து ஓரத்துக்குப் போய் கிராஸ் வருகிறது. 4ஆவது நிமிடம் லூயிஸ் ஹாலின் கிராஸ், ஈசாக் ஹெட்டர். 19ஆவது நிமிடம் கோர்டனின் கிராஸ், ஜோயலிண்டன் ஹெட்டர். ஆட்டம் அங்கேயே முடிந்தது.

மைனூ வந்து நடுவில் மூவரானதும் நியூகாசில் வேறு கோல் அடிக்கவில்லை. மருந்து எதுவென்று அன்றைக்கே 33ஆவது நிமிடத்தில் மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகும் அடுத்த ஆட்டம், அதற்கடுத்த ஆட்டம் என்று நடுவில் இருவரோடே இறங்குகிறார். ஒன்பது மாதம் கழித்து ப்ரென்ட்ஃபோர்டிலும் அதே ஓட்டை. இதுதான் எனக்கு ஆறவில்லை.

வடமராட்சி10

ஆறாம்நம்பர் அண்ணை, நியூகாசில் விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதினது எல்லாம் சரி. ஆனா அதுக்கு ஆறு நாளுக்குப் பிறகு ஆன்ஃபீல்டில நடந்ததை விட்டுட்டியள். 2025 ஜனவரி 5, லிவர்பூலோட 2-2. அதே 3-4-3 தான். நடுவில உகார்த்தேயும் மைனூவும், புரூனோ முன்னுக்கு. ரெண்டு பேரும் ஓடக்கூடிய ஆக்கள் எண்டபடியால் லிவர்பூலின்ட நடுக்கள ஆக்களுக்குப் பந்து வாங்கித் திரும்ப நேரமே குடுக்கேல்லை. லிசாண்ட்ரோ அடிச்சார், அமத் 80ஆவது நிமிசம் சமப்படுத்தினார். எனக்கு உறுத்துற நொடியும் அதில தான்: கடைசி மூச்சில ஸிர்க்ஸி பின்னுக்குத் தள்ளிவிட்ட பந்தை மக்வயர் கம்பத்துக்கு மேலால அடிச்சது. அது கோலா இருந்திருந்தா இந்த முறையைப் பற்றி நாங்கள் கதைக்கிற விதமே வேற.

போர்ச்சுகலில ஸ்போர்ட்டிங்கில அமோரிம் இதே மாதிரி நடுவில ரெண்டு பேரோட தான் 2021இலயும் 2024இலயும் லீக் வெண்டவர். அங்க முதல்ல பலினா, பிறகு ஹியூல்மண்ட். இங்க 2025 கோடையில குன்யா, எம்பூமோ, செஸ்கோ எண்டு முன்வரிசைக்கு மட்டும் 200 மில்லியன் பவுண் வரை போட்டவை. நடுக்களத்துக்கு ஒருத்தரையும் வாங்கேல்லை. சமையலுக்கு அடுப்பை விட்டுட்டு மூண்டு தாச்சி வாங்கின மாதிரி. மேனேஜரை மட்டும் குற்றஞ்சொல்லுறது நியாயமில்லை.

கார்னர்கொடி

நடுக்களச் சண்டையை நீங்க ரெண்டு பேரும் தொடருங்க. எனக்கு கார்னர்தான்.

2024 டிசம்பர் 19, லீக் கப், டாட்டன்ஹாம். 88ஆவது நிமிஷம் சன் எடுத்த கார்னர் யார் மேலயும் படாம நேரா வலைக்குள்ள. பாயின்டிர் முன்னால ஆள் நிக்குது, அவரால கையைத் தூக்கவே முடியலை. சரியா ஒரு வாரம் கழிச்சு, 26ஆம் தேதி, வுல்வ்ஸ். அப்போ வுல்வ்ஸ்ல இருந்த குன்யா எடுத்த கார்னர், மறுபடியும் நேரா வலைக்குள்ள, இந்தத் தடவை ஒனானா. கோல்கீப்பர் வேற, மைதானம் வேற, கோல் அதே கோல். அதே மாசம் ஆர்சனல்ல ரெண்டு கோலும் கார்னர்லதான், டிம்பரும் சலிபாவும். ஃபாரஸ்ட் ஆட்டத்துல ரெண்டாவது நிமிஷமே மிலென்கோவிச். எட்டு மாசம் போச்சு. 2025 ஆகஸ்ட் 17, சீசனோட முதல் ஆட்டம், 13ஆவது நிமிஷம் ரைஸ் எடுத்த கார்னர். பாயின்டிர் ஒரு கையால தட்டறார், பந்து கோட்டுக்கு முன்னாலேயே விழுது, கலாஃபியோரி தலையால தள்ளறார். சலிபா பாயின்டிரை ஒட்டி நின்னது ஃபவுல்னு சண்டை போட்டோம். ரெஃப்ரி இதை விசிலடிக்க மாட்டார்னு டிசம்பர்லேயே தெரிஞ்சாச்சு. அப்புறம் ஏன் அதையே நம்பி நிக்கணும்?

இதுக்குச் செய்ய வேண்டியது ரொம்பப் பெரிய விஷயம் இல்லை. முதல்ல, கீப்பர் மேல சாயற ஆளுக்குன்னே தனியா ஒரு ஆள் வேணும், அதுவும் உயரமான சென்டர் பேக் வேண்டாம், டலோ மாதிரி ஒருத்தர் போதும். அவர் வேலை பந்தைப் பார்க்கறது இல்லை, அந்த ஆளுக்கும் கீப்பருக்கும் நடுவுல தன் உடம்பைக் கொடுத்து நிக்கறது. கார்னர் எடுக்கறதுக்கு முன்னாலேயே அங்க போய் நிக்கணும். பந்து கிளம்பினப்புறம் தள்ளினா நமக்கு எதிரா பெனால்டி. ரெண்டாவது, உள்பக்கம் வளைஞ்சு வர்ற கார்னருக்கு கீப்பர் கோட்டு மேலேயே நிக்கக் கூடாது, அரை கஜம் முன்னால, கோலோட நடுவுல. கோல் அகலம் 7.32 மீட்டர். முதல் போஸ்ட் பக்கம் ஒட்டி நின்னா பின்னால விழற பந்துக்குப் போய்ச் சேர முடியாது. வர்றதுன்னு முடிவு பண்ணினா ரெண்டு முஷ்டியும் சேர்த்துக் குத்தணும், உள்ளங்கையால தொடவே கூடாது. மூணாவது, 5.5 மீட்டர் பெட்டியோட முதல் மூலையில நல்லா எம்பற ஒருத்தர். ஆர்சனல் பந்து அதிகமா தேடற இடமே அதுதான். கடைசியா, நம்ம டீம் முழுக்க பதினோரு பேரும் பெட்டிக்குள்ள வந்து நிக்கறதை நிறுத்தணும். எம்பூமோவையும் குன்யாவையும் நடுக்கோட்டுகிட்ட நிறுத்திப் பாருங்க, எதிரணி மூணு பேரைப் பின்னால வச்சே ஆகணும். கூட்டம் குறைஞ்சா கீப்பருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

3-4-3ஆ 4-3-3ஆங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. எந்த அமைப்பு ஆடினாலும் கார்னர் வரும்.

தூரபோஸ்ட்

பில்பாவோ. 2025 மே 21, யூரோப்பா லீக் இறுதி ஆட்டம், எதிரே டாட்டன்ஹாம். 42ஆவது நிமிடம் பாப் சார் இடப்பக்கமிருந்து போட்ட கிராஸ், அவர்களின் ப்ரென்னன் ஜான்சனும் நம் லூக் ஷாவும் ஒன்றாகப் பாய்கிறார்கள், பந்து ஷாவின் மேல் பட்டு மெல்ல உள்ளே உருள்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அது கோல் போலவே தெரியாது.

ஆனால் உறுத்துவது அது இல்லை, 68ஆவது நிமிடம். அவர்களின் கீப்பர் விகாரியோ பந்தைத் தவறவிட்டார், நம் ஹோய்லண்ட் தலையால் முட்டினார், காலியான கோல். டாட்டன்ஹாமின் மிக்கி வான் டே வென் காற்றில் பறந்து கோட்டிலிருந்து வெளியே உதைத்தார்.

அந்த ஒரு வாய்ப்பைத் தவிர, இரண்டாம் பாதி முழுக்க பந்து நம் காலில்தான், பயன் இல்லை. டாட்டன்ஹாம் மொத்த ஆட்டத்திலும் மூன்றே ஷாட். 79ஆவது நிமிடம் ஜான்சனை எடுத்துவிட்டு டான்ஸோவைக் கொண்டுவந்து ஐந்து பேராகப் பின்னால் நின்றார்கள். நம் பக்கம் அப்போதும் மூன்று சென்டர் பேக். எதிரணி முன்னால் ஒருவர் மட்டும் நிற்கும்போது பின்னால் மூவர் எதற்கு? ஒருவரை எடுத்து, இன்னொரு ஆளைப் பெட்டியின் விளிம்பில் நிறுத்தியிருந்தால் விழுகிற இரண்டாம் பந்தாவது நமக்குக் கிடைத்திருக்கும். கார்னாச்சோ வந்ததே 71ஆவது நிமிடம். கடைசியில் மக்வயரை முன்னால் அனுப்பினார்கள். அது திட்டம் கிடையாது, தவிப்பு.

அந்த சீசனில் டாட்டன்ஹாமுடன் நான்கு ஆட்டம், நான்கிலும் தோல்வி. முதலாவது முந்தைய மேனேஜர் டென் ஹாக் காலத்தில், மற்ற மூன்றும் அமோரிமின் கீழ். லீக்கில் நாம் 42 புள்ளியோடு 15ஆவது, அவர்கள் 17ஆவது. இவ்வளவு மோசமான ஒரு அணியை ஒரே ஒரு நாள் வென்றிருந்தால் சாம்பியன்ஸ் லீக்.

ஆறாம்நம்பர்

வடமராட்சி10, ஆன்ஃபீல்டு ஆட்டத்தை ஒப்புக்கொள்கிறேன், மைனூவும் உகார்த்தேவும் அன்று அருமை. அதே மைனூ இந்த 2025-26 சீசனில் லீக் ஆட்டங்களில் தொடக்கப் பதினொன்றில் இல்லை. நடுவில் ஓடக்கூடிய ஆள் வேண்டும் என்றால், இருக்கிற ஆளை ஏன் பெஞ்சில் வைக்கிறார்? ஆள் வாங்காதது நிர்வாகத்தின் குற்றம். வைத்திருக்கும் ஆளை ஆடவிடாதது மேனேஜரின் முடிவு. போர்ச்சுகலில் பெரும்பாலான அணிகள் ஸ்போர்ட்டிங்குக்கு எதிராகப் பின்னால் ஒடுங்கி நிற்கும், அங்கே இருவர் போதும். இங்கே பட்டியலின் அடியில் இருக்கும் அணிகூட நடுக்களத்தில் மூவரோடு ஏறி வருகிறது.

பதினோராவதுகிக்

கிரிம்ஸ்பியை யாரும் தொடலையே? 2025 ஆகஸ்ட் 27, லீக் கப், அவங்க மைதானம் ப்ளண்டல் பார்க், நாலாவது டிவிஷன் டீம். அரை மணி நேரத்துல வெர்னம், வாரன், 2-0. மழையில பெஞ்சுல உட்கார்ந்து அமோரிம் பலகையில காந்தத்தை நகர்த்திக்கிட்டு இருந்த அந்தக் காட்சிதான் எனக்கு. எம்பூமோவும் மக்வயரும் அடிச்சு 2-2 ஆக்கினாங்க. பெனால்டியில 12-11, கடைசியா எம்பூமோ அடிச்சது கம்பத்துல பட்டுப் போச்சு.

பெனால்டி வரிசையைப் பத்திச் சொல்லியே ஆகணும். அஞ்சாவது கிக் குன்யா, அது போயிருந்தா ஜெயம், அவங்க கீப்பர் பிம் தடுத்துட்டார். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா செஸ்கோ, அவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஸ்ட்ரைக்கர், பத்தாவதா வர்றார். இது எப்படி நடக்கும்? ஆட்டம் முடிஞ்சப்புறம் 'யார் எடுக்கறீங்க'ன்னு கேட்டா நடக்கும். முதல் அஞ்சு பேரை முந்தின நாள் பயிற்சியிலேயே முடிவு பண்ணணும். கப் ஆட்டத்துல 85ஆவது நிமிஷத்துக்கு மேல மாத்து ஆள் இறக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து இறக்கணும். தைரியமான ஆளை ஒண்ணாவதுலேயும் நாலாவதுலேயும் வைக்கணும். சிறந்த ஆளை அஞ்சாவதுக்குன்னு ஒதுக்கி வச்சா, பல நேரம் அவர் முறை வர்றதுக்குள்ளயே ஆட்டம் முடிஞ்சுடும். ஆறாவதுலேருந்து ஒவ்வொரு கிக்கும் உயிர் போற கிக், அதனால ஆறு, ஏழு, எட்டு இடத்துக்கும் பேர் எழுதியே இருக்கணும். நடுக்கோட்டுலேருந்து பெனால்டி புள்ளிக்கு நாப்பது மீட்டருக்கு மேல நடக்கணும். அந்த நடைக்கும் பழக்கம் வேணும். பயிற்சியில புள்ளிகிட்டயே வரிசையா நின்னு அடிச்சா அது பெனால்டி ஷூட்அவுட் பயிற்சியே இல்லை.

கார்னர்கொடி

பதினோராவதுகிக், அப்ப நேத்து 76ஆவது நிமிஷம்? 2-1ல பின்னால இருக்கோம், விஏஆர் (வீடியோ ரெஃப்ரி) பார்த்து முடிக்கறவரைக்கும் புரூனோ பந்தை வச்சுக்கிட்டு நிக்கறார். எதிர்ல ப்ரென்ட்ஃபோர்டு கீப்பர் கெலஹர், லிவர்பூல்ல பெனால்டி தடுத்தே பேர் வாங்கினவர். புரூனோவோட பெனால்டி ஃபுல்ஹாம்ல கம்பத்துக்கு மேல, இப்ப கெலஹர் கையில. நடுவுல பர்ன்லி ஆட்டத்துல கடைசி நிமிஷம் போட்டதையும் சொல்லணும், அதனால அவரை மாத்தச் சொல்ல மாட்டேன். ஆனா காத்திருக்கற அந்த நேரம் முழுக்க பந்தை இன்னொருத்தர் கையில கொடுத்துட்டு, புரூனோ பெட்டிக்கு வெளியில நின்னிருக்கணும். கீப்பர் பேசறதைக் கேட்டுக்கிட்டுப் புள்ளியில நிக்கக் கூடாது.

வடமராட்சி10

மைனூ விசயத்தில நீங்கள் சொல்லுறதை மறுக்கேலாது, ஆறாம்நம்பர் அண்ணை. ஆனா மேனேஜரை மாத்தினா மட்டும் அந்த நடுக்களம் நிரம்பிடுமோ? 2013க்குப் பிறகு எத்தனை பேரை மாத்தியாச்சு. ஒவ்வொருத்தரும் தங்கட ஆக்களை வாங்குவினம், அடுத்தவர் வந்து அவையை விப்பார்.

இரண்டாம்பந்து

அமோரிம் கீழ 33 லீக் ஆட்டம், 34 புள்ளி, ரெண்டு லீக் ஆட்டத்தைத் தொடர்ந்து ஜெயிச்சதே இல்லை. இதுக்கு மேல அவருக்காக எப்படி வாதாடறதுன்னு தெரியலை ப்ரோ. சிட்டிகிட்ட 3-0 வாங்கினப்புறம், முறையை மாத்த மாட்டேன், வேணும்னா ஆளை மாத்திக்கோங்கன்னு அவரே சொல்லிட்டார்.

சனிக்கிழமை சண்டர்லாண்டு, ஓல்ட் டிராஃபோர்டு. அவங்க நடுக்கள வீரர் கிரானிட் சாக்கா அடியில நின்னு ஆட்டத்தை நடத்துவார், நியூகாசில்ல டொனாலி செஞ்ச அதே வேலை. செல்சி ஆட்டத்துல வாங்கின சிவப்பு அட்டைத் தடை முடிஞ்சு காஸெமிரோ வர்றார். மூணு சென்டர் பேக் இருந்துட்டுப் போகட்டும். காஸெமிரோவும் மைனூவும் நடுவுல, குன்யா இடத்துல புரூனோ, அவருக்குக் கொடுக்கற ஒரே வேலை பந்து அவங்க காலுக்குப் போனதும் சாக்காவை ஒட்டி நிக்கறது. அப்போ பின்னால ரெண்டு பேரும் அசைய வேண்டாம். கோல்ல, ஆன்ட்வெர்ப்லேருந்து வந்து இன்னும் ஒரு ஆட்டமும் ஆடாத லாமென்ஸ். பாயின்டிர் நேத்து ரெண்டாவது கோலுக்கு ஷாடேயோட கிராஸைத் தியாகோ காலுக்கே தட்டிக் கொடுத்தப்புறம் வேற வழி இருக்கறதா எனக்குத் தோணலை.