அவர் வரவில்லை, நான் மட்டும் போனேன்

"கணவர் கவுன்சலிங்குக்கு வர மறுக்கிறார், நான் மட்டும் போய் என்ன பயன்?" என்று ஒரு தோழி கேட்டிருந்தார். இதே கேள்வியோடுதான் நானும் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி கஸ்தூர்பா நகரில் இறங்கினேன்.

முதல் இரண்டு அமர்வுகளும் அவரைப் பற்றிய புகாரிலேயே போயின. மூன்றாவதில் ஆலோசகர், ஒரே ஒரு மாலைப் பொழுதை எடுத்து நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொன்னார். இரவு ஒன்பதரைக்குக் கணவர் வருகிறார். ஹெல்மெட்டை ஃபிரிட்ஜ் மேல் வைக்கிறார். "ஏன் முகம் இப்படி இருக்கிறது?" என்கிறேன். பதில் இல்லை, பால்கனிக்குப் போகிறார்.

"நீங்கள்?"

பின்னாலேயே போனேன். அங்கிருந்து படுக்கையறைக்குப் போனார், அங்கும் போனேன். கதவைச் சாத்திக்கொண்டதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லும்போதே தொண்டை அடைத்தது.

ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குவார். அவர் ஒதுங்க ஒதுங்க இவர் இன்னும் துரத்துவார். பல தம்பதிகளிடம் இது உண்டாம். மரே போவென் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மாற முன்வரும் ஒருவரை மட்டும் வைத்தே குடும்பச் சிக்கல்களைக் கையாண்டதாகவும் ஆலோசகர் சொன்னார்.

அந்த வாரம் நான் பின்னால் போகவில்லை. "நாளை காலை காபியின்போது பேசலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தேன். கை நடுங்கியது. மூன்று நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். அண்ணன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பதைச் சொன்னார். எட்டு மாதம் மறைத்திருக்கிறார்! கோபம் பொங்கியது. ஆனாலும் முழுவதும் கேட்டேன்.

ஆலோசகரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இதற்கு முன் நான் போன ஒருவர், என் கணவரைப் பார்க்காமலேயே முதல் மணி நேரத்தில் அவருக்கு ஒரு மனநோயின் பெயரைச் சூட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி சண்டை போட்டதுதான் மிச்சம். இவரோ, "நான் கேட்பது உங்கள் பக்கத்தை மட்டும்தான்" என்று அடிக்கடி நினைவூட்டுவார். பிறகு இருவரும் சேர்ந்து போவதானால் வேறொருவரிடம் போவதே நல்லது என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு நான் எழுதிய எதுவும் பொருந்தாது. அங்கே மாற்றிக்கொள்ள வேண்டியது உங்கள் நடத்தை அல்ல. பெண்களுக்கான 181 எண்ணை அழையுங்கள்.

அவர் இன்னும் ஒரு அமர்வுக்கும் வரவில்லை. சனிக்கிழமைகளில் என்னை வேளச்சேரி ஸ்டேஷன் வரை பைக்கில் கொண்டுவந்து விடுகிறார்.