சரக்கு ரயிலைப் படம் எடுத்தால் 50 யூரோவா? புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

போன வாரம் ஜெர்மனிக்குப் படிக்க வந்திருக்கும் ஒரு தம்பி இங்கே கேட்டிருந்தார். டெலிகிராமில் யாரோ 'லாஜிஸ்டிக்ஸ் சர்வே' என்று சொல்லி, ஹாஸ்டலுக்குப் பின்னால் போகும் சரக்கு ரயில்களை நேரத்தோடு படம் எடுத்து அனுப்பினால் படத்துக்கு 50 யூரோ தருகிறார்களாம். அதற்கு வரி கட்ட வேண்டுமா என்பதுதான் அவர் கேள்வி. வரியைப் பற்றிக் கவலைப்பட்ட பிள்ளைக்கு மற்றது எதுவும் தோன்றவில்லையே என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செய்யாதீர்கள் தம்பி. இதே வேலையில் போலந்தில் என்ன ஆனது என்று பாருங்கள். அங்கே பிழைக்க வந்த உக்ரைன் ஆட்களைத்தான் அதிகம் பிடித்தார்கள், அதுவும் டெலிகிராம் வழியாக. முதலில் சுவரில் ஏதோ எழுது, நோட்டீஸ் ஒட்டு என்று சில்லறை வேலை, கைக்குச் சில டாலர். அப்புறம் உக்ரைனுக்குத் தளவாடம் போகும் ரயில் பாதையோரம் கேமரா பொருத்தும் வேலை. 2023 டிசம்பரில் லூப்ளின் நீதிமன்றம் 14 பேருக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது, ரஷ்யாவுக்காக உளவு பார்த்தார்கள் என்று. வேலை கொடுத்தவன் எங்கேயோ பத்திரமாக இருக்கிறான், களி தின்பது இவர்கள். ஜெர்மன்காரர்கள் இந்த மாதிரி ஆட்களுக்கு 'தூக்கி எறியும் ஏஜென்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், டீக்கடை பேப்பர் கப் மாதிரி.

இன்னொன்று, ஜெர்மன் சட்டத்தில் வேற்று நாட்டு உளவுத்துறைக்கு இப்படிச் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொள்வதே குற்றம், 5 ஆண்டு வரை போகலாம். பிரிட்டனில் 2023இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கறார்: 'எனக்குத் தெரியாது சார்' என்றால் போதாது, உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று கேட்பார்கள். அதெல்லாம் போகட்டும், மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள்தான் வேலை பார்க்கலாம், சுயதொழிலுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். உளவு என்ற பேச்சே வராவிட்டாலும் அந்த 50 யூரோ விசாவுக்கு ஆபத்துதான்.

நான் ஒன்றும் புத்திசாலி இல்லை, எனக்கும் வந்தது. வந்த இரண்டாவது வருடம், படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்டர்ன்ஷிப். லிங்க்ட்இன்னில் ஒரு பெண் பெயரில் மெசேஜ், ஹாங்காங் கன்சல்டன்சி என்று. பேட்டரி சந்தையைப் பற்றி 3 பக்கம் எழுதித் தர 300 யூரோ. செய்தித்தாளில் இருப்பதைத் தொகுத்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன், செவ்வாய்க்கிழமை பணம் வந்துவிட்டது. அன்றைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணிப் பெருமை அடித்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. இரண்டாவது கட்டுரைக்கு 500. மூன்றாவதாகக் கேட்டபோது ஒரு வரி சேர்ந்திருந்தது: 'பொதுவெளியில் இல்லாத தகவலாக இருந்தால் நல்லது, உங்கள் கம்பெனியில் யார் யார் எந்த புராஜெக்டில் இருக்கிறார்கள் என்பது மாதிரி.' கூடவே, இனி வேறு ஆப்பில் பேசலாம் என்று. கம்பெனி ஆட்களின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் யோசித்தேன், உண்மையைச் சொல்ல வேண்டுமே. வாடகை கட்ட வேண்டிய வாரம் அது. கடைசியில் பயம்தான் காப்பாற்றியது. மறுநாள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடம் போய்ச் சொன்னேன், அந்தப் பெண்மணி திட்டவில்லை, எல்லா மெசேஜையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு காபி கொடுத்து அனுப்பினார்.

பிறகுதான் சிங்கப்பூர் டிக்சன் இயோ வழக்கைப் படித்தேன். அந்த ஆளும் போலி கன்சல்டன்சி வைத்து வேலை விளம்பரம் போட்டார், 400க்கு மேல் பயோடேட்டா வந்து குவிந்தது, பெரும்பாலும் அமெரிக்க ராணுவ, அரசு ஊழியர்கள். எல்லாம் சீன உளவுத்துறைக்கு. 2020இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 14 மாதம் கொடுத்தது. அவருக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தவர்களில் பணக் கஷ்டத்தில் இருந்தவர்களும் உண்டு. நம் வாடகைப் பிரச்சினை நமக்கு முன்னால் இப்படி வலை விரிப்பவர்களுக்குத் தெரிகிறது.

பணமே வாங்காமல் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 2001இல் கிரீஸின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில், மக்களை உள்ளே விட்ட நாளிலேயே, விமான எண்களை நோட்டில் குறித்துக்கொண்டிருந்த 12 பிரிட்டிஷ்காரர், 2 டச்சுக்காரரைப் பிடித்து உளவாளி என்றார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. தண்டனையும் விழுந்து, மறு ஆண்டு மேல்முறையீட்டில்தான் விடுதலை. எனவே துறைமுகம், ராணுவ வண்டி, அரண்மனை, குறிப்பாக வளைகுடாவில், ரீல்ஸுக்குக்கூட வேண்டாம். ஊருக்குப் போகும்போது 'சும்மா ஒரு பார்சல்' என்று நீட்டுவார்கள் பாருங்கள், ஒட்டியிருந்தால் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். 2024 ஜூலையில் ஜெர்மனியின் லைப்ஸிக் விமான நிலைய பார்சல் மையத்தில் தீப்பிடித்த பெட்டியும் வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணப் பெட்டிதான்.

ஒருவேளை போலீஸ் அழைத்தால், புரியாத மொழியில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், இலவசம்தான். வக்கீல் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம், நம் ஆட்கள் பதற்றத்தில் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கேட்க 1963 வியன்னா ஒப்பந்தப்படி உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தஞ்சம் கோரி வந்த ஈழத்து உறவுகள் இதை அப்படியே செய்ய வேண்டாம், எந்த அரசிடமிருந்து ஓடி வந்தீர்களோ அதனிடமே விவரம் போகும், முதலில் வக்கீலிடம் பேசுங்கள்.

தம்பி, அந்த டெலிகிராம் உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பதில் போட வேண்டாம். நாளைக்கே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய்க் காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஏற்கெனவே படம் எதுவும் அனுப்பிவிட்டீர்களா? அனுப்பியிருந்தால் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள்.