உயிரியல் பூங்காவில் நாம் தவறாகப் புரிந்துகொண்ட விலங்குகள்: உங்கள் அனுபவம் என்ன?

பனங்காடை:
நீர்யானையின் காதுக்குப் பின்னால் செந்நிறத் துளிகள் அரும்பிக் கழுத்து மடிப்பில் இறங்குவதைக் கண்டு, "இரத்தம், இரத்தம்" என்று நான் போட்ட கூச்சலை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. காப்பாளர் சற்றும் பதறாமல் தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டு, அது இரத்தமும் இல்லை, வியர்வையும் இல்லை என்றார். தோலுக்கடியிலுள்ள சுரப்பிகளிலிருந்து நிறமின்றிக் கசியும் அந்தப் பிசுபிசுப்பான நீர் சிறிது நேரத்தில் சிவந்து, பின்னர் பழுப்பாகிவிடுமாம். அதிலுள்ள சிவப்பு, ஆரஞ்சு நிறமிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் இனங்கண்டு 2004-இல் வெளியிட்டார்கள் என்றும், அவை வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுகின்றன என்றும், சிவப்பு நிறமி பாக்டீரியா வளர்ச்சியையும் தடுக்கிறது என்றும் பிறகு படித்தேன். இத்தனையும் தெரிந்த பிறகும் அந்தச் சிவப்பு கண்ணை விட்டு அகலவில்லை.

தேன்சிட்டு:
என்னை உறுத்துவது பூநாரை. அடைப்புக்குள் ஆளுயரக் கண்ணாடிகளை நிறுத்தியிருந்தார்கள். ஒரு பறவை கழுத்தை நெட்டுக்குத்தாக நீட்டித் தலையை இடமும் வலமும் வெடுக்கென்று திருப்ப, கண்ணாடிக்குள் இருந்ததும் அவ்வாறே திருப்பியது. "பறவைக்கும் ஒப்பனை அறையா?" என்று சிரித்தேன், அருகிலிருந்த பலகையைப் படித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. கூட்டம் பெரிதாக இருந்தால்தான் பூநாரைகள் இணைசேர்ந்து கூடுகட்ட முனைகின்றன என்பதால், இருக்கும் சில பறவைகளைப் பலவாகக் காட்டவே அந்த ஏற்பாடாம். போதாக்குறைக்குத் தீவனத்தில் நிறமியையும் கலக்கிறார்கள். பார்வையாளருக்காகச் சாயம் பூசுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கரிச்சான்:
தேன்சிட்டு அவர்களே, சாயம் என்பது சரியன்று. பூநாரைக் குஞ்சு இளஞ்சிவப்பாகப் பிறப்பதில்லை. சாம்பல் நிறமாகத்தான் வளர்கிறது. இயற்கையிலும் பாசி, உப்புநீர் இறால் போன்ற இரையிலுள்ள கரோட்டினாய்டுகளே அதன் இறகுக்கு நிறமேற்றுகின்றன. அவ்விரை கிடைக்காத அடைப்பில் அதே வகை நிறமியைத் தீவனத்தில் சேர்க்காவிட்டால், இறகுதிர்ந்து புதிதாக முளைப்பவை வெளுத்தே இருக்கும். கண்ணாடியைப் பற்றி நீங்கள் வருந்துவதில் மட்டும் எனக்கு உடன்பாடு உண்டு.

நான் கண்டது ஒட்டகச்சிவிங்கி. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளும் அந்தக் கருநாக்கு ஒரே கம்பியை ஒரே இடத்தில் நக்கிக்கொண்டே இருந்தது. அவ்விடத்தில் மட்டும் பூச்சு தேய்ந்து இரும்பு பளபளத்தது. உப்புக்காக நக்குகிறது என்று உடன் வந்தவர்களுக்கு விளக்கமும் அளித்தேன். உண்மையில், நாளின் பெரும்பகுதியை இலை பறிப்பதிலேயே கழிக்கும் விலங்குக்குத் தீவனம் விரைவில் தீர்ந்துவிட்டால், வேலையற்ற நாக்கு இப்படித் திரும்பத் திரும்ப நக்கும் பழக்கத்துக்கு ஆளாகிறது.

இனிச் செல்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். எல்லா அடைப்புகளையும் சுற்றி ஓடாமல், ஒரே விலங்கின் முன் 20 நிமிடமாவது நில்லுங்கள். அது ஒரே தடத்தில் நடக்கிறதா, ஒரே அசைவைத் திரும்பச் செய்கிறதா என்று கவனியுங்கள். இலைக்கிளைகள் உயரத்தில் கட்டப்பட்டுள்ளனவா, தீவனம் எளிதில் எடுக்க முடியாதபடி துளையிட்ட பெட்டியில் வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அவ்வாறு இருந்தால் அங்குள்ளவர்கள் நாக்குக்கு வேலை கொடுக்க முயல்கிறார்கள் என்று பொருள். கண்ணாடியைத் தட்டாதீர்கள், தின்பண்டம் வீசாதீர்கள். ஐயம் எழுந்தால் காப்பாளரைக் கேளுங்கள், கூச்சலிட வேண்டியதில்லை.

பனங்காடை:
கடைசி வாக்கியம் யாருக்கு என்று புரிகிறது, கரிச்சான் ஐயா. அன்று மாலையே மீண்டும் போய் நின்றேன். காதுமடலின் ஓரத்தில் பழுப்புக் கறை மட்டும் இருந்தது. தண்ணீரில் இறங்கியதும் அதுவும் தெரியவில்லை.