மரியோ நீரடி இசையின் மறுகலவை: எப்படி மதிப்பிடுவது?

கேள்வி:
1985இல் வெளிவந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டின் நீரடிக் கட்டத்துக்குக் கோஜி கொண்டோ அமைத்த, மூன்று எண்ணிக்கைத் தாளம் கொண்ட வால்ட்ஸ் மெட்டை, ரசிகர் ஒருவர் நான்கு எண்ணிக்கைத் தாளத்துக்கு மாற்றி, கனத்த டிரம்ஸுடன் மறுகலவை (ரீமிக்ஸ்) செய்திருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த அளவுகோலை வைத்து மதிப்பிடுவது?

பதில் 1:
அந்த மெட்டு மிதப்பதே மூன்று எண்ணிக்கையால்தான். நான்காக்கியதும் நீர் வற்றிவிட்டது.

பதில் 2:
தாளத்தை மாற்றுவது கலைஞரின் உரிமை என்பதால், அதைக் குறையாகக் கருத மாட்டேன். அந்த விளையாட்டு வெளிவந்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ விளையாட்டுக் கருவியில் சதுர அலைக்கு இரண்டு, முக்கோண அலை, இரைச்சல், பதிவொலி ஆகியவற்றுக்குத் தலா ஒன்று என ஐந்து ஒலித் தடங்களே இருந்தன. பேஸ் எனும் தாழ்ந்த சுரப் பகுதியைப் பெரும்பாலும் முக்கோண அலையே சுமந்தது. இங்கே அது டிரம்ஸுக்குள் புதைந்துபோனதுதான் உண்மையான குறை.

கேட்டவர்:
ஹெட்போனில் மீண்டும் கேட்டேன். இரண்டாம் சுற்றில் பேஸ் காதில் விழவே இல்லை.